மகன் பேஸ்பால் பிட்சர்: கல்லூரிச் சேமிப்பை நிறுத்தலாமா?

கேள்வி: நாங்கள் நியூ ஜெர்சியில் இருக்கிறோம். மகனுக்கு 14 வயது. நல்ல பிட்சர் (பந்து வீசுபவர்) என்று பயிற்சியாளர் சொல்கிறார். அவன் கல்லூரிப் படிப்புக்காக 529 என்ற வரிச் சலுகையுள்ள கல்விச் சேமிப்புக் கணக்கில் மாதம் 600 டாலர் போடுகிறோம். அதை நிறுத்திவிட்டு டிராவல் டீம் (வெளியூர்களுக்குப் போய் ஆடும் கட்டண அணி), தனிப்பயிற்சி என்று செலவழிக்கலாமா? தொழில்முறை அணிகள் ஆண்டுதோறும் இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட்டில் எடுக்கும் பையன்களுக்கு, ஒப்பந்தம் போடும்போது தரும் கையெழுத்துப் பணமே லட்சக்கணக்கில் தருகிறார்களே?

பதில்: நிறுத்த வேண்டாம். உங்கள் மகனின் திறமையைச் சந்தேகித்து இதைச் சொல்லவில்லை. திறமையைக் கணிப்பதையே தொழிலாக வைத்திருப்பவர்களுக்கே கணக்கு எத்தனை முறை தப்பியிருக்கிறது என்று பார்த்துத்தான் சொல்கிறேன்.

1991 டிராஃப்ட்டில் நியூயார்க் யாங்கீஸ் அணி முதல் ஆளாக எடுத்தது பிரையன் டெய்லரை. வட கரோலினாவைச் சேர்ந்த இடதுகைப் பிட்சர், வயது 19. அணி முதலில் சொன்ன தொகைக்கு அவருடைய அம்மா மசியவில்லை. கடைசியில் 15.5 லட்சம் டாலருக்குக் கையெழுத்தானது. அந்தக் காலத்தில் அது பெரும் தொகை. மேல்மட்டத்துக்குப் போகும் முன் ஆடும் கீழ்நிலைப் போட்டிகளான மைனர் லீகில் இரண்டு ஆண்டுகள் நன்றாகவே வீசினார். 1993 டிசம்பரில் சகோதரருக்காக ஒரு சண்டையில் இறங்கியபோது பந்து வீசும் தோளில் கடுமையாக அடிபட்டது. அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு பழைய வேகம் திரும்பவே இல்லை. உச்சநிலையான மேஜர் லீகில் ஒரு பந்துகூட வீசாமலே அவர் ஆட்டம் முடிந்தது.

அணியின் எதிர்பார்ப்பு பொய்த்தது, உண்மை. ஆனால் குடும்பத்தின் பக்கம் நின்று பாருங்கள்: பேஸ்பாலில் அவர்களுக்குப் பெரிய பணம் என்று வந்தது அது ஒன்றுதான். அன்று அந்த அம்மா பிடிவாதமாக நின்றது எவ்வளவு சரி!

2009 டிராஃப்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் ஆளாக வந்த பிட்சர் ஸ்டீபன் ஸ்டிராஸ்பர்க்குக்கு வாஷிங்டன் நேஷனல்ஸ் அணி நான்கு ஆண்டு ஒப்பந்தத்தில் 1.51 கோடி டாலர் தந்தது. அதே டிராஃப்ட்டில் 25-வதாக வந்த மைக் டிரவுட்டுக்குக் கிடைத்த கையெழுத்துப் பணம் 12.15 லட்சம். டிரவுட் மூன்று முறை எம்விபி (ஆண்டின் மிக மதிப்புமிக்க வீரர்) விருது வாங்கினார். 2019-இல் 12 ஆண்டுகளுக்கு 42.65 கோடி டாலர் ஒப்பந்தம். ஸ்டிராஸ்பர்க்கும் சோடை போகவில்லை. முதல் ஆண்டே முழங்கை அறுவைச் சிகிச்சை செய்து, மீண்டு வந்து, மேஜர் லீகின் இறுதித் தொடரான வேர்ல்ட் சீரிஸில் 2019-இன் சிறந்த வீரர் ஆனார். அந்த ஆண்டே 24.5 கோடிக்குப் புதிய ஒப்பந்தம் போட்டார்கள். அதன் பிறகு அவரால் வீச முடிந்தது எட்டே ஆட்டங்கள்.

அப்புறம், தலைப்புச் செய்தியில் வருவது முதல் சில பேரின் தொகைதான். டிராஃப்ட் 20 சுற்று, நாடு முழுவதிலிருந்தும் ஏறக்குறைய 600 பேர். பின் சுற்றுகளில் வருகிறவர்களுக்குக் கிடைப்பது அதில் சிறு பங்கு. அதற்கும் வரி உண்டு. பிறகு மைனர் லீக். சம்பளத்தை உயர்த்திய 2023 வீரர் சங்க ஒப்பந்தத்திலும், அதன் கீழ்ப்படிகளில் ஒன்றான சிங்கிள்-ஏ நிலையில் அந்த ஆண்டின் குறைந்தபட்சச் சம்பளம் 26,200 டாலர்தான்.

529 பணம் எந்த வழியிலும் வீணாகாது. மகனுக்கு விளையாட்டு ஸ்காலர்ஷிப் கிடைத்தால், அந்தத் தொகை அளவுக்கு 529-இலிருந்து வெளியே எடுக்கலாம். 10 சதவீத அபராதம் கிடையாது, லாபத்துக்கு வரி மட்டும் கட்ட வேண்டும். படிப்புக்கும் இல்லாமல் ஸ்காலர்ஷிப்பும் இல்லாமல் எடுத்தால்தான் லாபத்தின் மேல் வரியோடு அபராதமும் விழும்.

சரி, பயிற்சியை விட்டுவிடச் சொல்கிறேனா? இல்லவே இல்லை. 600 டாலர் போன பிறகு மாதச் செலவில் மிஞ்சுவதில் செய்யுங்கள், கிரெடிட் கார்டில் வேண்டாம். அதையும் வருடம் முழுக்கச் செய்யாதீர்கள். இந்த வயதுப் பிட்சர்கள் ஆண்டில் நான்கு மாதமாவது பந்து வீசாமல் இருக்க வேண்டும் என்று மேஜர் லீகின் பிட்ச் ஸ்மார்ட் வழிகாட்டியே சொல்கிறது. அந்த நான்கு மாதமும் பயிற்சிக் கட்டணம் கட்ட வேண்டியதில்லை, பையனின் முழங்கைக்கும் ஓய்வு.

அவன் 18 வயதில் டிராஃப்ட்டில் வந்தால் கையெழுத்துப் பணத்தோடு கல்லூரிச் செலவையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். அதற்கு ஏற்பாடு இருக்கிறது. விளையாட்டை விட்ட பிறகு எத்தனை ஆண்டுக்குள் படிப்பைத் தொடங்க வேண்டும் என்ற நிபந்தனையையும் கையெழுத்துக்கு முன்பே ஒரு வழக்கறிஞரை வைத்துப் படித்துப் பாருங்கள்.