கவுட்டும் இதய அடைப்பும் ஒரே குடும்பத்தில் வருவது ஏன்?

கேட்டவருக்கு 41 வயது. கால் பெருவிரலில் கவுட் (யூரிக் ஆசிட் என்ற உடம்புக் கழிவு மூட்டில் படிகமாகச் சேர்ந்து வரும் கடும் வலி) இரண்டு முறை வந்துவிட்டது, ரத்தத்தில் யூரிக் ஆசிட் 8.6. அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் இதய ரத்தக்குழாயில் அடைப்பு. இரண்டும் ஒரே மரபணுவால் வருகிறதா, யூரிக் ஆசிடைக் குறைத்தால் மாரடைப்பு வராமல் இருக்குமா என்று கேட்கிறார்.

நான் டாக்டர் இல்லை. காட்பாடியில் ஒரு சின்ன ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் 16 வருஷமாக டெக்னீஷியன். ரிப்போர்ட்டை வாங்கிய கையோடு கவுன்டரிலேயே நின்று இதைக் கேட்பவர்கள் வாரத்துக்கு இரண்டு பேராவது உண்டு. அதைவிட, இது என் வீட்டுக் கதை.

நைனா (எங்கள் வீட்டில் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் கட்டிங் செக்‌ஷனில் இருந்தார். ஒரு சித்திரை மாதம், விடியற்காலை மூன்று மணிக்கு, "ஃபேனை நிறுத்துடா" என்று கத்தினார். வேலூர் வெயிலில் ஃபேனை நிறுத்தச் சொன்ன மனிதரை அன்றுதான் பார்த்தேன். காற்றில் போர்வை நுனி ஆடிப் பெருவிரலில் படுவதையே அவரால் தாங்க முடியவில்லை. விரல் சிவந்து வீங்கி, மேல்தோல் மினுமினுவென்று இருந்தது. ஷூ கடித்திருக்கும் என்று மஞ்சள் அரைத்துப் போட்டோம். காலையில் தோல் வெட்டும் கத்தியை எடுத்து, செருப்பில் பெருவிரல் பக்கத்து வாரை மட்டும் அறுத்துவிட்டு, அதையே மாட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார்.

அன்று சாயங்காலம் ரத்தம் எடுத்தது நான்தான். 6.4 வந்தது. நார்மல் என்று நானே சொன்னேன். வலி உச்சத்தில் இருக்கும்போது ரத்தத்தில் யூரிக் ஆசிட் இறங்கிக் காட்டலாம், இரண்டு வாரம் கழித்து மறுபடி எடுக்க வேண்டும் என்பது என் தொழிலின் பாலபாடம். சொந்த வீட்டு ஆள் என்றால் பாடம் மறந்துபோகிறது. மறுபடி எடுத்தபோது 9.1. அதற்கடுத்த மூன்றாவது வாரம் மாரடைப்பு. ஸ்டென்ட் வைத்தார்கள், பிழைத்துக்கொண்டார்.

"எல்லாம் அந்த ஆம்பூர் பிரியாணி பண்ற வேலை" என்றார் அம்மா. பாதிகூட உண்மை இல்லை. ஐரோப்பிய வழி வந்த அமெரிக்கர்கள் பதினாறாயிரத்துச் சொச்சம் பேரை வைத்து 2018-இல் ஓர் ஆய்வு வந்தது. ஆளுக்கு ஆள் யூரிக் ஆசிட் அளவு வேறுபடுகிறதே, அதில் சாப்பாட்டு முறைக்கு உள்ள பங்கு 0.3 சதவீதத்தைத் தாண்டவில்லை. பரவலாகக் காணப்படும் மரபணு மாற்றங்களின் பங்கு ஏறத்தாழ 24 சதவீதம். ஏற்கெனவே கவுட் இருப்பவருக்கு ஆட்டு ஈரலும் பீரும் வலியைக் கிளப்பிவிடும், அது வேறு விஷயம். நோயை வரவழைத்தது அவர் வாய் என்று பழி போடுவதுதான் தப்பு.

அந்த மரபணுக்கள் செய்யும் வேலை பெரும்பாலும் சிறுநீரகத்தில். எஸ்எல்சி2ஏ9 என்று ஒன்று, ஏபிசிஜி2 என்று இன்னொன்று. யூரிக் ஆசிடை வெளியே தள்ளுவதா, திரும்ப ரத்தத்துக்கே இழுப்பதா என்று முடிவு செய்யும் கதவுகளை இவைதான் கட்டுகின்றன. கதவு சரியில்லை என்றால் அளவு ஏறும். 6.8-ஐத் தாண்டினால் ரத்தத்தில் முழுதாகக் கரைந்திருக்க முடியாமல் ஊசி ஊசியாகப் படிகம் கட்டலாம். உப்புப் போட்டு வைத்த மாட்டுத் தோல் காயும்போது மேலே உப்புப் பூக்குமே, அந்த மாதிரி. உடம்பில் சூடு குறைந்த இடம் கால் விரல் என்பதால் முதலில் அங்கே.

சரி, ரத்தக்குழாய்க்கு வருவோம். பிறக்கும்போதே யூரிக் ஆசிடை ஏற்றிவிடும் மரபணுக்களோடு வந்தவர்களுக்கு மாரடைப்பும் அதே கணக்கில் கூடுகிறதா என்று பார்த்தார்கள். வாழ்க்கை முறை குழப்பாத கணக்கு இது, ஏனென்றால் மரபணுவை யாரும் தேர்ந்தெடுத்துக்கொண்டு பிறப்பதில்லை. கவுட் தெளிவாகக் கூடியது. இதய அடைப்பு அப்படிக் கூடவில்லை. கொஞ்சம் கூடியதாகக் காட்டிய ஆய்வுகளிலும் ரத்த அழுத்தம் நடுவில் நிற்கிறது. அப்புறம் யூரிக் ஆசிடைக் குறைக்கும் அலோபியூரினால் மாத்திரையையே கொடுத்துப் பார்த்தார்கள். பிரிட்டனில் இதய அடைப்பு உள்ள, ஆனால் கவுட் இல்லாத, 60 வயது கடந்த 5,700-க்கும் மேற்பட்டவர்களை வைத்து நடந்த ஆல்-ஹார்ட் ஆய்வு 2022-இல் வெளிவந்தது. அலோபியூரினால் சாப்பிட்டவர்களுக்கும் சாப்பிடாதவர்களுக்கும் மாரடைப்பில் வித்தியாசம் இல்லை. ஆகவே உங்கள் இரண்டாவது கேள்விக்கு என் பதில்: அதை நம்பி இருக்காதீர்கள். அந்த மாத்திரை உங்கள் விரலைக் காப்பாற்றும், இதயத்துக்கு அது காவல் இல்லை.

அப்படியானால் இரண்டும் ஏன் ஒரே வீட்டில் வருகின்றன? ஒரு காரணம் கூட்டாளிகள். சர்க்கரை, பிரஷர், உடல் பருமன், டிரைகிளிசரைட் என்ற ரத்தக் கொழுப்பு எல்லாம் இரண்டு பக்கமும் வேலை செய்கின்றன. ஜிசிகேஆர் என்ற மரபணுவின் ஒரு வகை டிரைகிளிசரைடையும் யூரிக் ஆசிடையும் சேர்த்தே ஏற்றுகிறது.

எனக்குப் பெரிதாகப் படுவது இன்னொன்று. நம் வெள்ளை அணுக்களுக்குள் என்எல்ஆர்பி3 என்று ஓர் அபாயமணி இருக்கிறது. அது அடித்தால் அந்த இடத்தில் அழற்சி, அதாவது வீக்கமும் சூடும். யூரிக் ஆசிட் படிகம் அதை அடிக்கிறது என்று 2006-இல் கண்டுபிடித்தார்கள். 2010-இல் பார்த்தால், ரத்தக்குழாய்ச் சுவரில் படியும் கொலஸ்ட்ரால் படிகமும் அதே மணியைத்தான் அடிக்கிறது. விரலில் அடித்தால் ஊரே கேட்கிற மாதிரி வலி, குழாய்க்குள் அடித்தால் வருஷக்கணக்கில் சத்தமே இல்லை. 26 லட்சம் பேரின் மரபணுக்களை அலசி 2024-இல் வந்த ஆய்வில், மரபணுத் தொகுப்பில் கவுட்டோடு தொடர்புள்ள 377 இடங்கள் சிக்கின. அவற்றில் சிறுநீரகக் கதவுகளோடு இந்த அழற்சிப் பக்கத்து மரபணுக்களும் உண்டு. (அந்தக் கணக்கில் ஐரோப்பியர், கிழக்காசியர் என்று பிரிவுகள் உண்டு, தெற்காசியருக்கென்று தனிப் பிரிவு இல்லை. எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்.) வயதாக ஆக எலும்பு மஜ்ஜையில் டெட்2 என்ற மரபணு கெட்டுப்போன அணுக்கள் பெருகுவதும் உண்டு. அப்படிப்பட்டவர்களுக்குக் கவுட்டும் கூடுகிறது, இதய அடைப்பும் கூடுகிறது. இது அப்பா கொடுத்ததில்லை, நமக்குள்ளேயே பிறகு வந்தது.

இந்த மணியை அடக்கும் பழைய மருந்து கோல்சிசின். நம் மாநில மலர் செங்காந்தளின் விதையிலும் கிழங்கிலும் இருக்கிற அதே சரக்கு. (அதற்காகக் கிழங்கைத் தோண்டி அரைத்துக் குடிக்காதீர்கள், ஆளையே முடித்துவிடும் விஷம்.) நாள்பட்ட இதய அடைப்பு உள்ளவர்களுக்கு தினம் 0.5 மில்லிகிராம் கொடுத்த 2020 ஆய்வில் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை 31 சதவீதம் குறைந்தன. மாரடைப்பு வந்த உடனே தொடங்கிப் பார்த்த 2024-இன் பெரிய ஆய்வில் பலன் தெரியவில்லை. சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு ஆபத்தான மருந்து, கடையில் கேட்டு வாங்கிப் போட வேண்டியது இல்லை.

நைனாவுக்கு விரல் வலித்து ஐந்து வாரத்தில் மாரடைப்பு வந்ததை நான் தற்செயல் என்றுதான் நினைத்திருந்தேன். கவுட் நோயாளிகளில் மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்களை எடுத்துப் பார்த்தால், அதற்கு முந்தைய 60 நாளுக்குள் கவுட் வலி வந்திருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று 2022-இல் பிரிட்டன் தரவுகள் சொன்னபோது கொஞ்சம் ஆடிப்போனேன். எங்கள் வீட்டில் அதுதான் நடந்தது என்று நிரூபிக்க முடியாது.

உங்களுக்கு நான் சொல்வது: 41 வயது, இப்படி ஒரு குடும்பம் என்றால் மரபணு டெஸ்ட்டுக்குப் பணம் கொட்டாதீர்கள். எல்டிஎல் (கெட்ட கொலஸ்ட்ரால்), சர்க்கரை, கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டுவது), பிரஷர் நான்கையும் இந்த மாதமே பாருங்கள். சிகரெட் இருந்தால் இன்றோடு சரி. பிரஷர் மாத்திரை எது என்று டாக்டரிடம் கேளுங்கள். நீர் பிரிக்கும் தயசைட் வகை யூரிக் ஆசிடை ஏற்றும், லோசார்டான் கொஞ்சம் இறக்கும். அலோபியூரினால் கொடுத்தால் குறைந்த அளவில் தொடங்கி, யூரிக் ஆசிட் 6-க்குக் கீழே வரும்வரை டாக்டர் கூட்டிக்கொண்டு போவார். தோலில் தடிப்பு வந்தால் அந்த நிமிஷமே நிறுத்திவிட்டு டாக்டரிடம் ஓடுங்கள். வெயில் காலத்தில் தண்ணீர் குடிக்க மறக்காதீர்கள்.

எனக்கு இப்போது யூரிக் ஆசிட் 7.4. வலி எதுவும் வந்ததில்லை என்பதால் டாக்டர் அதற்கு மாத்திரை தரவில்லை. எல்டிஎல் 158 இருந்தது, அதற்குத்தான் ராத்திரி ஒரு மாத்திரை போடுகிறேன்.