வீதியோரத்தில் வாங்கிய தேன்

கேள்வி: ஏ9 வீதியில் மாங்குளத்துக்குக் கிட்ட ஒரு போத்தல் காட்டுத் தேன் வாங்கினேன். விற்றவர் ஒரு துளியைத் தண்ணீரில் விட்டார். கரையாமல் அடியில் போய் நின்றது. தேனில் தோய்த்த தீக்குச்சியையும் பற்றவைத்துக் காட்டினார். ஆனால் குளிர்சாதனப் பெட்டியில் வைத்த இரண்டு வாரத்தில் அடியில் சீனி போல உறைந்துவிட்டது. ஏமாந்துவிட்டேனா? பத்து மாதப் பேத்தியின் இருமலுக்கு நாக்கில் தடவத்தான் வாங்கினேன்.
– ஒரு வாசகி, ஒட்டுசுட்டான்

பதில்: அம்மா, பேத்திக்கு அதைத் தடவாதீர்கள். கலப்படமே இல்லாத தேனாக இருந்தாலும் ஒரு வயது நிறையும்வரை கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒரு நுண்ணுயிரின் வித்துகள் சிசுவின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கும், போட்டுலிசம் என்பார்கள். காய்ச்சினாலும் அந்த வித்துகள் சாவதில்லை. ஏற்கெனவே கொடுத்திருந்தால், மலச்சிக்கல், பால் குடிக்கச் சோர்வு, மெலிந்த அழுகை, துவண்ட உடல் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். இருமலோடு மூச்சு வாங்கினாலும் அப்படித்தான்.

இனித் தேனுக்கு வருவோம். உறைந்தது கலப்படத்துக்குச் சாட்சி அல்ல. நல்ல தேனிலும் குளுக்கோஸ் குளிரில் படிகமாகும்; போத்தலை இளஞ்சூட்டு நீரில் வைத்தால் இளகும். அதேபோல, அந்தத் துளியும் தீக்குச்சியும் தூய்மைக்குச் சாட்சி அல்ல. இறுகக் காய்ச்சிய சீனிப்பாகும் தண்ணீரில் அடியில் போய் நிற்கும், அதில் தோய்த்த குச்சியும் பற்றும். இந்த வித்தையை நம்பி எத்தனை பேர் காசு கொடுக்கிறார்கள் என்று நினைக்க எனக்கு மனம் பொறுக்கவில்லை. தண்ணீராக ஓடுவதால் பொய்த் தேன் என்றும் முடிவுகட்ட முடியாது. நம் காட்டுத் தேனில் ஈரம் கூட. சில வேளை நுரைத்துப் புளிக்கும். ஆய்வுகூடம்தான் உறுதியாகச் சொல்லும்.

ஆகவே தேனைச் சோதிப்பதைவிட விற்பவரை அறிந்து வாங்குவது மேல். பாலை, வீரை மரங்கள் பூக்கும் காலத்தில் காட்டுக்குப் போய் எடுப்பவர் உங்கள் ஊரிலேயே இருப்பார். எப்போது, எங்கே எடுத்தது என்று கேட்டால் தடுமாறாமல் சொல்லுவார். கடையில் என்றால் தயாரித்தவரின் முகவரி, காலாவதித் திகதி, விலை அச்சிட்ட போத்தலாகப் பாருங்கள்.

பற்றுச்சீட்டு இல்லாமல் காசைத் திரும்பப் பெறுவது கடினம். ஆனாலும் சந்தேகம் இருந்தால், விற்ற இடத்தைக் குறித்துக்கொண்டு உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லுங்கள். மாதிரி எடுத்துப் பகுப்பாய்வுக்கு அனுப்பும் அதிகாரம் அவருக்கு உண்டு. நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கும் முறையிடலாம்.