தலைக்கு 90 டாலர் வாங்கினீர்களா, இல்லையா?

கேள்வி (கடிதத்தின் சுருக்கம்): ஃபுளோரிடா மாநிலம் டாம்பாவில் எச்-1பி விசாவில் பணிபுரிகிறேன். கிரீன் கார்டுக்காகக் காத்திருக்கிறேன். சொந்தமாக 21 அடிப் படகு இருக்கிறது. சனிக்கிழமை காலைகளில் ஹோமோசாஸாவிலிருந்து தமிழ் நண்பர்களைக் கடற்புல் மேடுகளுக்கு நான்கு மணி நேரம் மீன்பிடிக்க அழைத்துச் செல்வேன். எண்ணெய்ச் செலவுக்கென்று தலைக்கு 90 டாலர் வாங்குவது வழக்கம். இரண்டாண்டில் 14 முறை சென்றிருப்போம். 19 மாதங்களுக்கு முன், ஓதம் வற்றும் நேரத்தில் குறுக்குவழியாகத் திரும்பியபோது படகு தரைதட்டியது. முன்தளத்தில் நின்றிருந்த என் நெருங்கிய நண்பர் விழுந்து காறை எலும்பு முறிந்தது. அவரிடம் நான் ஒரு காசும் வாங்கவில்லை. உடன் வந்த இருவர்தாம் கொடுத்தார்கள். அன்று இரவு முழுவதும் மருத்துவமனையில் நானே இருந்தேன். அவர் குடும்பம் அமெரிக்காவுக்கு வந்த புதிதில் இரண்டு மாதம் எங்கள் வீட்டில்தான் தங்கியது. இப்போது 38,000 டாலர் கேட்டு வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார். அவருடைய மனைவியோ என் விசாவைப் பற்றித் தொலைபேசியில் மிரட்டலாகப் பேசுகிறார். ஃபுளோரிடாவில் காலவரம்பு இரண்டே ஆண்டுகள் என்பதால் இன்னும் ஐந்து மாதம் இழுத்தடித்தால் போதும் என்கிறார் ஒருவர். காப்பீட்டு நிறுவனத்துக்கு இன்னும் தெரிவிக்கவில்லை. இந்த நன்றிகெட்ட செயலுக்கு நானும் வழக்குப் போட முடியுமா?

பதில்: நன்றி மறந்ததற்கு இங்கே வழக்கில்லை. உங்கள் கடிதத்தில் முக்கால் பங்கு நட்பைப் பற்றியது. அது உங்களுக்கு எவ்வளவு வலித்தாலும், நீதிமன்றத்தில் ஒரு நிமிடம்கூடச் செல்லுபடியாகாது. சட்டத்துக்கு வேண்டிய செய்தியை நீங்கள் போகிற போக்கில் ஒரே வரியில் எழுதியிருக்கிறீர்கள். தலைக்கு 90 டாலர் என்பதே அந்த வரி.

கூட்டாட்சிக் கப்பல் சட்டம் ‘கூலிப் பயணி’ யார் என்பதைத் தெளிவாக வரையறுக்கிறது: ஏற்றிச் செல்வதற்கு நிபந்தனையாக, நேரடியாகவோ மறைமுகமாகவோ, ஏதேனும் பிரதிபலன் கொடுக்கப்பட்டிருந்தால் அவர் கூலிப் பயணி. பயணத்தின் உண்மையான செலவைப் பயணிகள் தாமாக முன்வந்து பகிர்ந்துகொள்வதை அதே சட்டம் இதிலிருந்து விலக்குகிறது. எண்ணெய்க்குப் பணம் தருவது, ஐஸ் வாங்கி வருவது, மதிய உணவு கொண்டுவருவது ஆகியவை அந்த விலக்கில் அடங்கும். நீங்கள் லாபம் பார்த்தீர்களா என்பது இங்கே கேள்வியே அல்ல. பணம் கொடுக்காத ஒருவரை ஏற்றியிருப்பீர்களா என்பதுதான் கேள்வி. நீங்கள் நண்பர்கள் குழுவில் போட்டு, எனக்கும் அனுப்பிவைத்த வாட்ஸ்அப் செய்தியில் ‘நான்கு பேருக்கு மட்டும் இடம், தலைக்கு 90, முன்பணம் கொடுத்தால்தான் இடம் உறுதி’ என்று உங்கள் கையாலேயே எழுதியிருக்கிறீர்கள். எண்ணெய், உயிர் இறால், ஐஸ் எல்லாம் சேர்த்து ஒரு பயணத்துக்கு 120 டாலரைத் தாண்டாது என்று இன்னோர் இடத்தில் கணக்குச் சொல்கிறீர்கள். நால்வர் வந்தால் 360 டாலர். தாமாக முன்வந்து செலவைப் பகிர்ந்துகொண்டார்கள் என்று இதை வைத்து வாதாட நான் முன்வர மாட்டேன்.

அடிபட்டவர் பணம் கொடுக்கவில்லை என்பதை உங்கள் துருப்புச் சீட்டாக நினைக்கிறீர்கள். அது உதவாது. ஆறு பேருக்கு மிகாமல் ஏற்றும் சிறு படகில் ஒரே ஒரு கூலிப் பயணி இருந்தாலும், அந்தப் பயணம் முழுவதும் கூலிப் பயணம்தான். மற்ற இருவர் கொடுத்த 180 டாலர் அதற்குப் போதும்.

அதன்பின் வருவதை நீங்கள் அறிவீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்: கடலோரக் காவல் படை வழங்கும் படகோட்டி உரிமம், போதைப்பொருள் பரிசோதனைத் திட்டத்தில் பதிவு, மாநில மீன், வனவிலங்கு ஆணையத்தின் வாடகை மீன்பிடி உரிமம். இவற்றில் ஒன்றும் உங்களிடம் இல்லை. தண்டம் ஒருபுறம் இருக்கட்டும். இழப்பீட்டு வழக்கில் இது வேறு வகையில் கடிக்கும். விபத்தின்போது பாதுகாப்புச் சட்டம் ஒன்றை மீறிய கலம், அந்த மீறல் விபத்துக்குக் காரணமாக இருந்திருக்கவே முடியாது என்று தானே நிரூபிக்க வேண்டும் என்ற விதியை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 19-ஆம் நூற்றாண்டிலேயே ‘பென்சில்வேனியா’ என்ற கப்பலின் வழக்கில் வகுத்துவிட்டது. எதிர்த்தரப்பு அதைத்தான் முதலில் எடுக்கும். ஹோமோசாஸாவுக்கு வெளியே கடல் மிக மெதுவாகச் சரிகிறது. புல்லுக்கு நடுவே சுண்ணாம்புப் பாறைகள் தலைமறைவாகக் கிடக்கின்றன. ஓதம் இறங்கினால் முழங்கால் அளவுத் தண்ணீர்கூட மிஞ்சாத மேடுகள் அங்கு ஏராளம். குறியிட்ட வாய்க்காலை விட்டு விலகி, அந்த நேரத்தில் எஞ்சினை முழு வேகத்தில் விட்டு வந்ததற்கு நல்ல விளக்கம் உங்களிடம் இருப்பதாகத் தெரியவில்லை. ஓடும் படகில் அவர் முன்தளத்தில் நின்றது அவருடைய தவறுதான். தொகை சற்றுக் குறையும். ஆனால் அவரை அங்கே நிற்கவிட்டவர் யார் என்பது அதற்கு அடுத்த கேள்வியாக வரும்.

காலவரம்பைப் பற்றி உங்களுக்குச் சொன்னவர் பாதிதான் தெரிந்து பேசியிருக்கிறார். ஃபுளோரிடா 2023 மார்ச்சில் கவனக்குறைவு வழக்குகளுக்கான காலவரம்பை நான்கு ஆண்டுகளிலிருந்து இரண்டாகக் குறைத்தது உண்மையே. ஆனால் கப்பல் செல்லக்கூடிய நீர்ப்பரப்பில் படகால் நேர்ந்த காயத்துக்குக் கூட்டாட்சிக் கடல்சார் சட்டம் பொருந்தும். அங்கே மூன்று ஆண்டுகள். நண்பருக்கு இன்னும் 17 மாதம் இருக்கிறது, அது அவருடைய வழக்கறிஞருக்கும் தெரியும். நீங்கள் இழுத்தடித்தால் அவர் கேட்கும் தொகைதான் ஏறும். 1851-ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமையாளரின் பொறுப்பு படகின் மதிப்போடு நின்றுவிடும் என்று அடுத்து வேறொருவர் சொல்லக்கூடும். உரிமையாளருக்குத் தெரியாமல் நேர்ந்த தவறுக்குத்தான் அந்தப் பாதுகாப்பு. சுக்கானைப் பிடித்திருந்தவரே உரிமையாளர் என்றால் அது கிடைப்பது மிக அரிது.

இனி உண்மையான ஆபத்துக்கு வருகிறேன். இதுவரை சொன்னவற்றால் நீங்கள் இழக்கப்போவது பணம் மட்டுமே. இனிச் சொல்லப்போவதில்தான் என்னிடம் வருபவர்கள் பணத்தைவிடப் பெரியவற்றை இழந்திருக்கிறார்கள்.

உங்கள் காப்பீடு சொந்தப் பொழுதுபோக்குப் பயன்பாட்டுக்கு மட்டுமானது. கூலிக்கு ஆள் ஏற்றினால் பொறுப்பேற்காது என்ற விலக்கு அதில் அநேகமாக உறுதியாக இருக்கும். நீங்கள் தகவல் கொடுத்த சில நாட்களில் நிறுவனத்தின் அலுவலர் தொலைபேசியில் வந்து, ‘உரையாடல் பதிவு செய்யப்படுகிறது, சம்மதமா?’ என்று கனிவாகக் கேட்பார். நான்காவது அல்லது ஐந்தாவது கேள்வி, ‘அன்று யாராவது பணம் கொடுத்தார்களா?’ என்பது. அந்த இடத்தில் மனிதர்கள் செய்வதைப் பல முறை பார்த்திருக்கிறேன். ‘இல்லை சார், எல்லோரும் நண்பர்கள்’ என்று வாய் தானாகச் சொல்லிவிடும். என்னிடம் வந்த ஒருவர் அப்படித்தான் சொன்னார்; ஆறு வாரம் கழித்து, மீன் படம் போட்ட குறிப்புகளோடு வென்மோ என்னும் கைபேசிச் செயலி வழியாக அவர் பணம் பெற்ற பட்டியலை நிறுவனத்தின் வழக்கறிஞர் மேசைமேல் வைத்தார். அதுவரை மறுக்கப்படக்கூடிய ஒரு கோரிக்கையாக இருந்தது, அந்த நாளிலிருந்து காப்பீட்டு மோசடி என்ற குற்றச்சாட்டாக மாறியது. கடல்சார் காப்பீட்டில் உண்மையை முழுவதும் சொல்லும் கடமை கார் காப்பீட்டைவிடக் கடுமையானது. ஃபுளோரிடாவை உள்ளடக்கிய 11-ஆம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தொடர்ந்து வலியுறுத்தி வருகிறது. ஆகவே பொய் சொல்லாதீர்கள். வழக்கறிஞர் இல்லாமல் உண்மையையும் சொல்லாதீர்கள். தகவல் எழுத்து மூலம் உங்கள் வழக்கறிஞரிடமிருந்து போகட்டும், அதுவும் இந்த வாரமே போகட்டும். 19 மாதத் தாமதமே நிறுவனம் மறுப்பதற்கு ஒரு தனிக் காரணமாகிவிடும். விபத்தன்றே மீன், வனவிலங்கு ஆணையத்துக்கு அறிவித்ததாக எழுதியிருக்கிறீர்கள். அது சரியான செயல். அந்த அதிகாரியிடம் பணத்தைப் பற்றி என்ன சொன்னீர்கள் என்பதை நினைவுபடுத்தி, உங்கள் வழக்கறிஞருக்கு மட்டும் எழுதிக் கொடுங்கள்.

இன்னும் இரண்டு சலனங்கள் உங்களுக்குத் தோன்றும், தோன்றாதிருந்தால்தான் வியப்பு. ஒன்று, பழைய வாட்ஸ்அப் செய்திகளை அழித்துவிடலாம் என்பது. அவை குழுவில் இருந்த ஒவ்வொருவரின் கைபேசியிலும் இருக்கின்றன. நோட்டீஸ் வந்தபின் நீங்கள் அழித்தால், அழித்ததே உங்களுக்கு எதிரான தனிச் சான்றாக நிற்கும். மற்றொன்று, உடன் வந்த இருவரிடமும் ‘காசு கொடுக்கவில்லை என்று சொல்லிவிடுங்கள்’ என்று ஒரு வார்த்தை கேட்பது. சாட்சியைக் கலைப்பது என்பது சிறைக்குரிய குற்றம். அந்த இருவரும் எவ்வளவு நல்லவர்களாக இருந்தாலும், சத்தியப் பிரமாணம் எடுத்தபின் உங்களுக்காகத் தங்கள் விசாவைப் பணயம் வைக்க மாட்டார்கள், வைக்கவும் கூடாது.

விசா என்றதும் நினைவுக்கு வருவது, நீங்கள் கடிதத்தில் அடக்கமாகக் குறிப்பிட்டுள்ள கிரீன் கார்டு. எச்-1பி விசா, உங்களுக்காக மனுச் செய்த நிறுவனத்திடம் வேலை செய்ய மட்டுமே அனுமதி தருகிறது. சொந்தப் படகில் சொந்த நேரத்தில் செய்தாலும், கூலிக்குச் செய்தது வேலைதான். வழக்கு நீதிமன்றத்துக்குப் போனால், டெப்பொசிஷன் என்னும் விசாரணையில் நீங்கள் சத்தியப் பிரமாணத்தின்மேல் பதில் சொல்ல வேண்டும்: எத்தனை பயணம், எவ்வளவு பணம், எந்தத் தேதிகள். அந்த எழுத்துப் படி காலத்துக்கும் நிற்கும். பின்னாளில் கிரீன் கார்டுக்கான நிலைமாற்ற விண்ணப்பப் படிவம், அனுமதியில்லாமல் வேலை செய்திருக்கிறீர்களா என்று நேரடியாகக் கேட்கும். ‘ஆம்’ என்றால் சிக்கல். ‘இல்லை’ என்று பொய் சொன்னால் அது அதைவிடப் பெரிய, பல வேளைகளில் மீள முடியாத சிக்கல். வேலைவாய்ப்பு வழி விண்ணப்பதாரர்களுக்கு, கடைசியாக முறைப்படி நாட்டுக்குள் வந்த நாளிலிருந்து 180 நாள்வரை இத்தகைய மீறலைப் பொறுத்துக்கொள்ளும் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. 14 சனிக்கிழமை என்றால் 14 நாள்தானே என்று மகிழ வேண்டாம். வேலையைத் தொடங்கிய நாளிலிருந்து நிறுத்திய நாள்வரை இடைப்பட்ட எல்லா நாளும் எண்ணப்படும் ஆபத்து உண்டு. இதற்குக் கடல்சார் வழக்கறிஞர் போதாது. குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரைத் தனியாகப் பாருங்கள், நண்பருக்குப் பதில் அனுப்புவதற்கு முன்பே பாருங்கள்.

இப்போது நான் ஏன் சமரசம் என்று சொல்லப்போகிறேன் என்பது உங்களுக்கு விளங்கியிருக்கும். நண்பர் தம் கையிலிருந்து செலுத்திய மருத்துவத் தொகை 9,200 டாலர் என்று நோட்டீஸிலேயே இருக்கிறது. மீதி அவர் பட்ட வலிக்கும், வேலைக்குப் போக முடியாத நாட்களுக்கும், பேரம் பேச வைத்துக்கொண்ட இடத்துக்குமாகக் கேட்கப்படுவது. இருபதாயிரத்தை ஒட்டி முடிந்தால் கையெழுத்திடுங்கள். இன்னும் சற்று ஏறினாலும் என் கருத்து மாறாது. நீதிமன்றத்தில் நீங்கள் வென்றால்கூட, வெல்லும் வழியில் நீங்கள் கொடுக்கும் சாட்சியம் அந்தத் தொகையைவிட விலை உயர்ந்தது. ஆனால் காப்பீட்டு நிறுவனத்திடமிருந்து மறுப்போ சம்மதமோ எழுத்தில் வருவதற்கு முன் ஒரு டாலரும் கொடுக்காதீர்கள். அதன் இசைவின்றித் தாமாகப் பணம் கொடுத்தால் பொறுப்பில்லை என்ற ஒரு விதி ஏறக்குறைய எல்லாக் காப்பீட்டுப் பத்திரங்களிலும் உண்டு.

இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று அவர்கள் எழுதித் தரும் விடுதலைப் பத்திரத்தில் கணவன், மனைவி இருவரும் கையெழுத்திட வேண்டும். நண்பரின் மருத்துவக் காப்பீடு செலுத்திய தொகையைத் திருப்பிக் கேட்கும் உரிமையை யார் தீர்ப்பது என்பது அதில் தெளிவாக எழுதப்பட வேண்டும். சமரசம் முடிந்து எல்லோரும் கை குலுக்கி எட்டு மாதம் கழிந்தபின், மருத்துவக் காப்பீட்டு நிறுவனம் தனியாக ஒரு கடிதம் அனுப்பிய வழக்குகளை நான் கையாண்டிருக்கிறேன். அங்கே பணம் இருமுறை போயிற்று. பிழையை ஒப்புக்கொள்ளவில்லை என்ற வரி இருக்கட்டும். ‘கடலோரக் காவல் படையிடமோ குடியேற்றத் துறையிடமோ புகார் செய்ய மாட்டேன்’ என்று அவரிடம் எழுதி வாங்க மட்டும் ஆசைப்படாதீர்கள். அத்தகைய வாக்குறுதி உங்களைக் காப்பாற்றாது. அரசிடமிருந்து மறைக்கப் பணம் கொடுத்தீர்கள் என்பதற்குச் சான்றாக நிற்கும். அவர் மனைவி தொலைபேசியில் சொன்னதைத் தேதியுடன் குறித்து வழக்கறிஞரிடம் கொடுத்துவிட்டு, நீங்கள் அதைப் பற்றி அவர்களிடம் பேசாமல் இருங்கள்.

கடிதத்தின் பின்குறிப்பில், வரும் சனிக்கிழமைப் பயணத்துக்கு மூவர் ஏற்கெனவே பணம் அனுப்பிவிட்டார்கள், போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். போகக் கூடாது. பணத்தை இன்றே, அனுப்பிய வழியிலேயே, பயணம் ரத்து என்ற ஒரு வரியோடு திருப்பி அனுப்புங்கள்.