தூங்குகிறாரா, நினைவு இழக்கிறாரா?

கேள்வி: பி.எஸ்சி. நர்சிங் முடித்து, மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையின் பொது மருத்துவ வார்டில் நான்கு ஆண்டுகள் பணியாற்றினேன். மூன்று மாதங்களுக்கு முன் பக்கவாதப் பிரிவுக்கு மாற்றினார்கள். ஊசியும் மருந்தும் கைவந்தவைதான். ஆனால் இரவுப் பணியில் நோயாளியின் நிலை மோசமாகிறதா என்று தீர்மானிக்க முடியாமல் பதறுகிறேன். நரம்பியல் நோயாளிகளைப் பராமரிக்க முறையாகப் பயில விரும்புகிறேன். எம்.எஸ்சி. சேரலாமா, ஓராண்டு டிப்ளமோ போதுமா, அல்லது வீட்டிலிருந்தே இரண்டு மாதத்தில் முடிக்கும் சான்றிதழ் படிப்பே போதுமா?
– வாசகி, மதுரை

பதில்: அன்புள்ள சகோதரி, உங்கள் நிலையில் இருப்பவருக்கு ஓராண்டு டிப்ளமோவைத்தான் நான் பரிந்துரைப்பேன். நீங்கள் தேடும் திறமை, படுக்கையருகே நின்று, தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்து திருத்தத் திருத்த வருவது.

நான் வேலைக்குச் சேர்ந்த முதலாண்டில், தலையில் அடிபட்டு வந்த ஒருவரைப் பற்றி விடியற்காலைக் குறிப்பில் ‘நன்றாகத் தூங்குகிறார்’ என்று எழுதி வைத்தேன். காலைப் பணிக்கு வந்த மூத்த சிஸ்டர், அவருடைய குறட்டை ஒலியைக் கேட்டதும் கைப்பையைக்கூட வைக்காமல் வந்து, பெயர் சொல்லி அழைத்துப் பார்த்தார், பிறகு நகக்கண்ணை அழுத்தினார். கை மடங்கியதே தவிர, கண் திறக்கவில்லை. அவரை உடனே அறுவைக்குக் கொண்டு சென்றார்கள். அன்று எனக்குத் தெரியாமல் போனது நோயின் பெயரன்று. தூக்கத்துக்கும் நினைவிழப்புக்கும் உள்ள வேறுபாட்டை எப்படிச் சோதிப்பது என்பதுதான்.

நினைவு நிலையை அளக்கும் கிளாஸ்கோ கோமா அளவுகோலை (ஜிசிஎஸ்) 1974இல் டீஸ்டேலும் ஜென்னட்டும் வகுத்ததே, ஒருவர் கண்டதை அடுத்தவரும் அதேபோல் காண வேண்டும் என்பதற்காகத்தான். கண் திறப்புக்கு அதிகபட்சம் 4, பேச்சுக்கு 5, அசைவுக்கு 6 என்று 3 முதல் 15 வரை செல்லும் அந்த எண்ணைக் கல்லூரியில் மனப்பாடம் செய்திருப்பீர்கள். ஆனால் ‘ஜிசிஎஸ் 11’ என்று மொத்தத்தை மட்டும் ஒப்படைத்தால், பேச்சு குறைந்ததா, அசைவு குறைந்ததா என்று அடுத்த பணிக்கு வருபவருக்குத் தெரியாது. மூன்றையும் தனித்தனியே எழுதுங்கள். பணி மாறும் நேரத்தில் இருவரும் சேர்ந்தே சோதியுங்கள். உங்கள் இரவுப் பதற்றத்தில் பாதி அதிலேயே அடங்கும்.

பக்கவாதத்தில் இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி, அறிகுறி தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் போடப்படுகிறது. அதன்பின் முதல் இரண்டு மணி நேரம் 15 நிமிடத்துக்கு ஒருமுறை, அடுத்த ஆறு மணி நேரம் அரை மணிக்கு ஒருமுறை, மீதி 16 மணி நேரம் மணிக்கு ஒருமுறை என இரத்த அழுத்தத்தையும் நரம்பியல் நிலையையும் பார்த்துக்கொண்டே இருப்பவர் நர்ஸ்தான். அழுத்தம் 180/105ஐத் தாண்டினாலும், தலைவலியோ வாந்தியோ புதிதாகத் தோன்றினாலும், மருத்துவரை எழுப்பத் தயங்கக் கூடாது.

விழுங்கும் திறனைச் சோதிக்காமல் ஒரு வாய் தண்ணீர்கூடக் கொடுக்கக் கூடாது என்பதையும் இத்துறை வலியுறுத்துகிறது. ‘தொண்டை வறண்டிருக்கிறது, ஒரு மடக்கு காப்பி’ என்று உறவினர் கெஞ்சும்போது மறுப்பது நம் ஊரில் எவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்த மடக்கு நுரையீரலுக்குள் போனால் நிமோனியா. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்சில் 19 பக்கவாதப் பிரிவுகளில் சாண்டி மிடில்டன் என்ற செவிலியர் பேராசிரியர் தலைமையில் ஓர் ஆய்வு நடந்தது. முடிவு 2011இல் வெளியானது. முதல் 72 மணி நேரத்தில் காய்ச்சல், சர்க்கரை, விழுங்குதல் ஆகிய மூன்றையும் முறைப்படி கவனிக்கச் சில பிரிவுகளின் நர்சுகளுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். 90 நாட்களுக்குப் பின், இறந்தோரும் பிறரைச் சார்ந்து வாழ நேர்ந்தோரும் அப்பிரிவுகளில் 42 விழுக்காடு, மற்றவற்றில் 58. புதிய மருந்து எதுவும் இல்லாமல் கிடைத்த வேறுபாடு இது.

படிப்புக்கு வருகிறேன். நரம்பியல் செவிலியத்துக்கான ஓராண்டு டிப்ளமோவுக்கு இந்திய நர்சிங் கவுன்சில் பாடத்திட்டம் வகுத்திருக்கிறது. பெங்களூருவில் உள்ள தேசிய மனநல, நரம்பியல் நிறுவனமான நிம்ஹான்ஸ், திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் ஆகியவை நரம்பியல் செவிலியப் பயிற்சிக்குப் பெயர் பெற்றவை. எம்.எஸ்சி. இரண்டாண்டுப் படிப்பு, கற்பித்தலும் ஆய்வும் அதில் பெரும் பங்கு வகிப்பதால், கல்லூரி ஆசிரியராகும் எண்ணம் இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு மாத இணையச் சான்றிதழுக்குப் பணம் கட்டுமுன், அதை மாநில நர்சிங் கவுன்சிலில் கூடுதல் தகுதியாகப் பதிவு செய்ய முடியுமா என்று எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் பதில் வராது.

எந்த நிறுவனத்துக்கு விண்ணப்பித்தாலும், நரம்பியல் ஐசியூவில் எத்தனை வாரம், பக்கவாதம், வலிப்பு, மறுவாழ்வுப் பிரிவுகளில் எத்தனை வாரம், அங்கே அருகிலிருந்து கற்றுத்தர ஆசிரியர் வருவாரா என்பனவற்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். மறுவாழ்வுப் பிரிவை எளிதென்று ஒதுக்கிவிடாதீர்கள். பேச்சிழந்தவருக்கு நாம் பேசுவது புரிந்திருக்கலாம் என்பதை நான் அங்கேதான் அறிந்தேன்.

சேர்க்கை வரும்வரை, உங்கள் மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சியாளர் இருந்தால் விழுங்கும் சோதனையை அவரிடம் இந்த மாதமே கற்றுக்கொள்ளுங்கள். தலைமை நர்சிடம் கேட்டு, ஒரு வாரம் நரம்பியல் மருத்துவர் காலையில் வார்டு சுற்றும்போது உடன் செல்லுங்கள். அவர் சோதிப்பதற்கு முன்பே உங்கள் மதிப்பீட்டைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு, பிறகு ஒப்பிட்டுப் பாருங்கள்.