படத்தின் பின்பக்கத்தையும் அனுப்புங்கள்

மதுரையில் ஒரு நாளிதழின் நூலகத்தில் பத்திரிகைகளைத் தேதிவாரியாகக் கட்டி வைப்பதும், செய்திகளைக் கத்தரித்துக் கோப்பில் ஒட்டுவதுமாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ஊர் வரலாறு குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில்.

அப்பாவின் டிரங்குப் பெட்டியில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் கிடைத்தது. காபி கிளப் வாசலில் தாத்தா நிற்கிறார். எந்த வருஷம் எடுத்தது என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. நகல் அனுப்பியிருக்கிறேன். கண்டுபிடிக்க வழி உண்டா?
– வாசகி, சிம்மக்கல்

உண்டு அம்மா. தாத்தாவை ஆசை தீரப் பார்த்த பிறகு, அவருக்குப் பின்னால் இருப்பதைப் பாருங்கள். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். கடைக்குள்ளே ஒரு விலைப்பலகை தொங்குகிறது. இட்லி, வடை, காபி என்று வரிசையாக எழுதி, எதிரே 'ந.பை.' என்று போட்டிருக்கிறார்கள். நயா பைசா புழக்கத்துக்கு வந்தது 1957 ஏப்ரல் 1-ம் தேதி. 1964 ஜூனில் 'நயா' கழன்றுபோய் வெறும் பைசா ஆனது. கடைக்காரர் பலகையை மாற்றாமல் விட்டிருந்தால் ஒன்றிரண்டு வருஷம் கூடலாம். எப்படியும் ஏழெட்டு வருஷத்துக்குள் வந்துவிட்டோம்.

படத்தின் வலது ஓரத்தில் பாதி கிழிந்த சினிமா போஸ்டர் இருக்கிறது. படத்தின் பெயரில் கடைசி இரண்டு எழுத்துதான் மிச்சம். கீழே 'தங்கம்' என்ற தியேட்டர் பெயர் நன்றாகத் தெரிகிறது. 1952-ல் திறந்து, 2,563 இருக்கைகளோடு ஆசியாவிலேயே பெரிய தியேட்டர் என்று ஊரே பெருமை பேசிய அதே தங்கம்தான். அந்த வருஷங்களின் நாளிதழ்களில் சினிமா விளம்பரப் பக்கத்தை மட்டும் புரட்டுங்கள். தங்கத்தில் ஓடிய படங்களை எழுதிக்கொண்டே வந்தால், அந்த இரண்டு எழுத்தில் முடியும் பெயர் எங்காவது அகப்படும். வருஷம் மட்டுமில்லை, தாத்தா அங்கே நின்ற மாதமே தெரிந்துவிடும்.

இதே போன்ற படம் வைத்திருக்கும் மற்றவர்களுக்கும் சொல்கிறேன். பலகையில் 'முனிசிபாலிட்டி' என்று இருந்தால் அது 1971 மே மாதத்துக்கு முந்தியது. அந்த மாதம்தான் மதுரை மாநகராட்சி ஆனது. பஸ்ஸில் 'பாண்டியன்' என்று அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் பெயர் எழுதியிருந்தால் 1972-க்குப் பிந்தியது. முகவரியில் 625 என்று தொடங்கும் பின்கோடு இருந்தாலும் 1972 ஆகஸ்டுக்குப் பிறகுதான். லை, னை எழுத்துகளுக்குத் தும்பிக்கை மாதிரி கொம்பு இருந்தால் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தியது என்பார்கள். அதை முழுக்க நம்பாதீர்கள். பெயர்ப்பலகை எழுதுகிறவர்களின் கை அரசாணை வந்த மறுநாளே மாறிவிடாது.

நீங்கள் படத்தின் முன்பக்கத்தை மட்டும் அனுப்பியிருக்கிறீர்கள். பின்பக்கத்தையும் அனுப்புங்கள். ஸ்டுடியோ முத்திரையோ, மங்கிப்போன பென்சில் எழுத்தோ அங்கேதான் இருக்கும்.

1858-ல் வெள்ளைக்காரர் ஒருவர் எடுத்த மதுரைப் படங்களை இணையத்தில் பார்த்தேன். பெரும்பாலான படங்களில் ஆளே இல்லை. ஊர் அவ்வளவு காலியாகவா கிடந்தது?
– வாசகர், திருப்பரங்குன்றம்

அவர் பெயர் லினேயஸ் ட்ரைப். ராணுவ கேப்டன், சென்னை மாகாண அரசு நியமித்த புகைப்படக்காரர். அவர் பயன்படுத்தியது மெழுகிட்ட காகித நெகட்டிவ். அதில் காட்சி பதிய வெகுநேரம் மூடியைத் திறந்து வைத்திருக்க வேண்டும். நடந்து போனவர்கள், வண்டிமாடுகள், வேடிக்கை பார்க்க வந்த பிள்ளைகள் யாரும் அதில் நிற்க மாட்டார்கள். தூணும் கோபுரமும்தான் பதியும். ஊர் ஜே ஜே என்றுதான் இருந்திருக்கும்.

அந்தப் படங்களில் திருமலை நாயக்கர் மகாலைப் பாருங்கள். இடிந்து சிதைந்து நிற்கும். நேப்பியர் பிரபு கவர்னராக இருந்த 1866-72 காலத்தில்தான் அதைப் பழுதுபார்த்தார்கள். பிறகு அங்கே நீதிமன்றம் நடந்தது, 1970 வரை. ஆகவே உங்கள் வீட்டில் மகால் தூணருகே கறுப்புக் கோட்டு வக்கீல்கள் நிற்கும் படம் இருந்தால், அதன் காலமும் தெரிந்துவிடுகிறது.

விளக்குத்தூணையும் ட்ரைப் எடுத்திருக்கிறார். 1834 முதல் 1847 வரை கலெக்டராக இருந்த பிளாக்பர்ன் கோட்டைச் சுவரை இடித்து, அகழியைத் தூர்த்து, வெளி வீதிகளுக்கு வழி செய்தார். அவர் நினைவாக வைத்த விளக்கு அது. அந்த வேலையில் இருந்தவர்களின் பெயர்கள்தான் மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும். அந்தப் படத்தை அச்செடுத்துக்கொண்டு, காலையில் கடை திறக்கும் முன்னால் விளக்குத்தூணுக்குப் போய் நின்று பாருங்கள். ஜவுளிக் கூட்டம் வந்துவிட்டால் தூணை அண்ணாந்து பார்க்கக்கூட இடம் இருக்காது.

வைத்தியநாத ஐயர் தலைமையில் நடந்த மீனாட்சியம்மன் கோயில் ஆலயப் பிரவேசத்தை அன்றைய பத்திரிகையிலேயே படிக்க வேண்டும். எந்தத் தேதியைத் தேடுவது? எங்கே போவது?
– கல்லூரி மாணவர், திருநகர்

நல்ல வேலையைக் கையில் எடுத்திருக்கிறீர்கள் தம்பி. நடந்தது 1939 ஜூலை 8, சனிக்கிழமை. அதுவரை கோயிலுக்குள் விடப்படாத சாதிகளைச் சேர்ந்த கக்கன் உள்ளிட்டோர் உள்ளே போன நாள். ஆனால் 8-ம் தேதித் தாளைக் கேட்டு வாங்கினால் ஏமாந்துபோவீர்கள். 9-ம் தேதியிலிருந்து பாருங்கள், ஒரு மாதம் விடாமல் பாருங்கள். எதிர்ப்பு, வழக்கு, நுழைந்தவர்களையும் கோயில் நிர்வாகத்தையும் காக்க ராஜாஜி அரசு கொண்டுவந்த அவசரச் சட்டம் எல்லாம் அடுத்தடுத்து வந்தவை.

சுதேசமித்திரன், 1934-ல் தொடங்கிய தினமணி, தி இந்து மூன்றும் அப்போது இருந்தன. தினத்தந்தியைத் தேடாதீர்கள். அது இதே மதுரையில் பிறந்ததுதான், ஆனால் 1942-ல்.

பழைய தாள்களில் தமிழ் வருஷத்தையும் பார்ப்பீர்கள். நீங்கள் தேடுவது பிரமாதி வருஷம், ஆனி மாதம். வீட்டுக் கடிதங்களில் வருஷப் பெயர் மட்டும் இருந்தால் கவனம் தேவை, அறுபது வருஷத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பும். பெரும்பஞ்சம் வந்த 1876-ம் தாதுதான், 1936-ம் தாதுதான்.

சென்னை போக முடிந்தால் தரமணி ரோஜா முத்தையா நூலகம், எழும்பூர் கன்னிமாரா நூலகம் இரண்டுக்கும் போங்கள். எந்த வருஷத் தொகுப்பு வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். மதுரையில் தமிழ்ச் சங்க நூலகம், தமுக்கம் பக்கம் காந்தி அருங்காட்சியக நூலகம், புது நத்தம் சாலை கலைஞர் நூற்றாண்டு நூலகம் என்று விசாரித்துக்கொண்டே வாருங்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தை வீட்டிலிருந்தே பார்க்கலாம்.

தொகுப்பு கைக்கு வந்ததும், விரலில் எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டாதீர்கள். மரக்கூழில் செய்த செய்தித்தாள் வயதானால் அப்பளம் மாதிரி நொறுங்கும். மேல் மூலையில் ஒரு கை, கீழ் மூலையில் ஒரு கை கொடுத்து, தூக்கித் திருப்புங்கள். உங்களுக்குப் பின்னால் வருகிறவருக்கும் அந்தப் பக்கம் வேண்டும்.

பழைய பத்திரிகையில் வந்ததெல்லாம் உண்மை என்று எடுத்துக்கொள்ளலாமா?
– வாசகர், உசிலம்பட்டி

கூடாது. பத்திரிகைக்கும் சார்பு உண்டு. ஆலயப் பிரவேசம் போன்ற விஷயத்தில் குறைந்தது இரண்டு தாளையாவது பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். நான் தலைப்புச் செய்தியைவிட அதிகம் நம்புவது கடைசிப் பக்கங்களை: நகராட்சி டெண்டர், ரயில் நேரம், பருத்தி விலை, வீடு வாடகைக்கு, 'பசு மாடு காணவில்லை'. யாரையும் நம்பவைக்க வேண்டிய தேவை இல்லாமல் அச்சானவை அவை. ஊர் எப்படி நடந்தது என்பது அங்கேதான் கிடக்கிறது.

தாத்தா பாட்டி படங்களை லேமினேட் செய்து வைக்கலாமா?
– வாசகி, மேலூர்

வேண்டவே வேண்டாம். ஒருமுறை செய்துவிட்டால் பிரிக்க முடியாது, சூட்டில் படம் பாழாகவும் வாய்ப்புண்டு. கிழிந்த இடத்தில் செலோ டேப்பும் ஒட்டாதீர்கள். நிழலான வெளிச்சத்தில் மொபைலில் இரு பக்கமும் படம் எடுத்துக்கொண்டு, அசலைத் தனித்தனிக் காகித உறையில் போட்டு, ஈரம் படாத அலமாரியில் வையுங்கள். உறைக்குள் போடும் முன்னால், மெல்லிய பென்சிலால் பின்பக்க ஓரத்தில் இடமிருந்து வலமாகப் பெயர்களை எழுதுங்கள். பெயர் தெரிந்த பெரியம்மாவோ சித்தப்பாவோ இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமையே போய்க் கேட்டு வாருங்கள். தெரியாத முகத்துக்குக் கேள்விக்குறி போட்டு வையுங்கள், ஊகித்து எழுத வேண்டாம்.