இணையவழியில் போட்டிச் சட்டமும் பொருளியலும்: மகளின் மேற்படிப்புப் பற்றிக் கேட்ட தாயாருக்கு

அன்புள்ள அம்மா அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தில் இரண்டு கவலைகள் தெரிகின்றன. உறவினர் எவரும் கேள்விப்பட்டிராத போட்டிச் சட்டம் என்ற இந்தத் துறையைப் படித்தால் கொழும்பில் வேலை கிடைக்குமா என்பது ஒன்று. வெள்ளவத்தையில் வீட்டிலிருந்தபடியே கணினியின் முன் படித்துப் பெறும் வெளிநாட்டுச் சட்ட முதுமாணிப் பட்டத்தை யாரேனும் மதிப்பார்களா என்பது மற்றது. இரண்டும் நியாயமானவை. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சட்டத்தரணியான உங்கள் மகள் தாராளமாகப் படிக்கலாம், ஆனால் இப்போதுள்ள வேலையை விடாமல், முழுப் பட்டத்துக்கும் ஒரேயடியாகப் பணம் கட்டாமல், பொருளியலை உண்மையிலேயே கற்பிக்கும் பாடநெறியைத் தெரிந்தெடுத்துப் படிக்க வேண்டும்.

கம்பனிகள் தமக்குள் பேசி வைத்து விலையை உயர்த்துவது, சந்தையில் ஓங்கி நிற்கும் கம்பனி மற்றவர்களை உள்ளே வரவிடாமல் தடுப்பது, போட்டியாளர்கள் ஒருவரையொருவர் வாங்கிக்கொள்வது ஆகிய மூன்றையும்தான் இந்தச் சட்டம் பிரதானமாகக் கவனிக்கிறது. அமெரிக்காவில் 1890 ஆம் ஆண்டின் ஷெர்மன் சட்டத்திலிருந்து இது வளர்ந்தது. இந்தியா தனது போட்டிச் சட்டத்தை 2002 இல் இயற்றியது. சட்டப் பிரிவுகள் சுருக்கமானவை. வழக்கைத் தீர்மானிப்பது பெரும்பாலும் பொருளியல் சான்றுதான். 2024 ஓகஸ்ட் மாதத்தில் வாஷிங்டன் மாவட்ட நீதிமன்றம், கூகுள் தனது தேடல் ஏகபோகத்தைச் சட்டவிரோதமாகத் தக்கவைத்தது என்று தீர்ப்பளித்தபோது, தொலைபேசிகளிலும் உலாவிகளிலும் தனது தேடுபொறியே முதலில் அமைந்திருப்பதற்காக அந்தக் கம்பனி 2021 இல் மட்டும் 26 பில்லியன் டொலருக்கு மேல் செலுத்தியிருந்தது வழக்கின் மையத்தில் இருந்தது. அவ்வாறு முதலில் அமைந்திருப்பதை எத்தனை பேர் மாற்றுகிறார்கள், போட்டிக் கம்பனி அதனால் எவ்வளவு இழக்கிறது என்பவற்றைச் சட்டப் புத்தகம் சொல்லாது.

மகள் கலைப் பிரிவில் உயர்தரம் படித்து, கணிதத்தைச் சாதாரண தரத்தோடு விட்டவர் என்று எழுதியிருக்கிறீர்கள். அது தடையல்ல. தொடக்கத்தில் வரும் கணக்கு எப்படிப்பட்டது என்பதை ஓர் உதாரணத்தில் காட்டுகிறேன். ஒரு சந்தையில் நான்கு கம்பனிகளுக்கு முறையே 40, 30, 20, 10 சதவீதப் பங்கு இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றையும் வர்க்கித்துக் கூட்டினால் 3,000 வரும். கடைசி இரண்டும் ஒன்றிணைந்தால் அது 3,400 ஆகும். சந்தை எவ்வளவு சிலரின் கையில் குவிந்திருக்கிறது என்பதை அளக்கும், ஹெர்ஃபிண்டால் சுட்டெண் எனப்படும் இதில், மொத்தம் 1,800 ஐத் தாண்டி, இணைப்பினால் 100 க்கு மேல் கூடுமானால், அந்த இணைப்பு போட்டியைப் பாதிக்கும் என்று அமெரிக்க அதிகாரிகளின் 2023 ஆம் ஆண்டு வழிகாட்டல்கள் அனுமானிக்கின்றன. கணக்கு இவ்வளவுதான். ஆனால் அந்த நான்கு கம்பனிகள்தான் சந்தையா, ஐந்தாவது ஒன்றையும் சேர்க்க வேண்டுமா என்பதில்தான் இரு தரப்புச் சட்டத்தரணிகளும் மாதக்கணக்கில் மோதுவார்கள். அந்த வாதத்தை விளங்கிக்கொள்ள விலைக் கோட்பாடும் ஓரளவு புள்ளிவிபரவியலும் வேண்டும். ஆகவே பாடத்திட்டத்தில் பொருளியல் ஒரேயொரு விருப்பப் பாடமாக ஒதுங்கியிருந்தால் அந்தப் பாடநெறியை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இனி நம் நாட்டு நிலைமை. 1987 ஆம் ஆண்டின் நியாய வர்த்தக ஆணைக்குழுச் சட்டம் ஏகபோகங்களையும் கம்பனி இணைப்புகளையும் விசாரிக்க இடமளித்தது. அதை நீக்கி வந்த 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் விவகார அதிகார சபைச் சட்டம் போட்டிக்கு எதிரான நடைமுறைகளை விசாரிக்கும் அதிகாரத்தை வைத்துக்கொண்டாலும், இணைப்புகளைக் கட்டுப்படுத்தும் ஏற்பாட்டைக் கைவிட்டது. நாம் அந்த அதிகார சபையை அரிசிக்கு அதிகபட்ச சில்லறை விலை குறிக்கும் இடமாகவே அறிந்திருக்கிறோம். விலை குறிப்பது வேறு, போட்டியைக் காப்பது வேறு. இதனிடையே, ஐந்து கையடக்கத் தொலைபேசிச் சேவைகள் இருந்த நாட்டில் 2018 இல் எட்டிசலாட் ஹட்ச்சோடும், 2024 இல் எயார்டெல் டயலொக்கோடும் இணைந்ததால் இன்று மூன்றே எஞ்சியுள்ளன. தொலைத்தொடர்புக்குத் தனி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு இருப்பதால் அங்கு அனுமதி பெற வேண்டியிருந்தது. அத்தகைய ஆணைக்குழு இல்லாத துறைகளில் நடக்கும் இணைப்பைப் போட்டி நோக்கில் பார்க்கும் பொது அமைப்பு ஒன்று இல்லை. இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் குறை; உங்கள் மகளைப் போன்றவர்கள் இதைக் கற்க வேண்டும் என்று நான் விரும்புவதற்கும் அதுவே காரணம்.

ஆயினும் நாட்டுக்குத் தேவை இருப்பதும் சம்பளம் தரும் பதவி இருப்பதும் ஒன்றல்ல. 'போட்டிச் சட்டத்தரணி' என்ற விளம்பரத்தைக் கொழும்புப் பத்திரிகைகளில் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். தொலைத்தொடர்பு, மின்சாரம், வங்கி ஆகிய துறைகளின் ஒழுங்குபடுத்தல் வேலைகள், பெரிய கம்பனிகளின் சட்டப் பிரிவுகள், லேர்ன் ஏசியா, கொள்கை ஆய்வுகள் நிறுவகம் போன்ற ஆய்வு அமைப்புகள் ஆகியவற்றில் இந்த அறிவு கூடுதல் தகைமையாக அமையும். இந்தியாவிலும் தொழில் நடத்தும் நம் கம்பனி ஒன்று இன்னொன்றை வாங்கும்போது, இந்தியப் போட்டி ஆணைக்குழுவுக்கு அறிவிக்க வேண்டுமா என்ற கேள்வி எழக்கூடும். அங்கு வழக்காட மகளுக்கு உரிமை இராவிட்டாலும், கேள்வியை உரிய நேரத்தில் எழுப்பி ஆவணங்களைத் தயாரிப்பவராக அவர் இருக்கலாம். கம்பனிச் சட்ட வேலையில் இப்போதே இருப்பவருக்குத்தான் இவை எட்டும் என்பதால்தான் வேலையை விட வேண்டாம் என்கிறேன்.

இலண்டன் கிங்ஸ் கல்லூரி, மெல்பேர்ன் பல்கலைக்கழகம், அமெரிக்காவின் ஜோர்ஜ் மேசன் பல்கலைக்கழகம் ஆகியவை இத்துறையில் தொலைக்கல்வியாகவோ இணையவழியாகவோ கற்பித்து வந்துள்ளன. எதைத் தெரிந்தெடுத்தாலும், பாடநெறி அலுவலகத்திடம் சிலவற்றை மின்னஞ்சலில் கேட்டுப் பதிலை எழுத்தில் பெறுங்கள். டிப்ளோமாவோடு நிறுத்திவிட்டுப் பின்னர் முதுமாணிக்குத் தொடர முடியுமா என்பது முதன்மையானது. வகுப்புகள் நேரலையா, பதிவா என்பதும் சிறிய விடயமல்ல: வாஷிங்டனில் மாலை 6 மணி என்றால் கொழும்பில் கோடைகாலத்தில் அதிகாலை 3.30, குளிர்காலத்தில் 4.30, இலண்டன் என்றால் இரவு 10.30 அல்லது 11.30. காலையில் புதுக்கடை நீதிமன்றங்களுக்கு வழக்குக்குப் போக வேண்டிய பிள்ளைக்கு இது தூக்கத்தைப் பறிக்கும். இணையவழி முதுமாணி அந்நாடுகளில் வழக்குரைக்கும் உரிமையைத் தானாகப் பெற்றுத் தராது என்பதையும் மகள் தெளிவாக அறிந்திருக்க வேண்டும். அரச பதவி நோக்கமாயின், வார்ட் பிளேஸிலுள்ள பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடம் அந்தப் பல்கலைக்கழகத்தின் அங்கீகாரத்தை முன்கூட்டியே கேளுங்கள்.

கட்டணம் டொலரிலோ பவுணிலோ இருக்கும். 2022 இல் ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த டொலர் ஓரிரு மாதங்களில் 350 ஐத் தாண்டியதை நாம் எல்லோரும் அனுபவித்தோம். ஆகவே பாடம் பாடமாக அல்லது தவணையாகக் கட்டக்கூடிய ஏற்பாட்டையே நாடுங்கள். நகையை அடகு வைத்தோ காணியை ஈடு வைத்தோ கட்ட வேண்டிய படிப்பு இதுவல்ல.

பல நாடுகளின் போட்டி அதிகார அமைப்புகள் சேர்ந்த சர்வதேசப் போட்டி வலையமைப்பு இலவசமாக வெளியிட்டுள்ள பயிற்சிக் காணொளிகளில் சந்தை வரையறை பற்றியதையும் கார்ட்டெல்கள் (தமக்குள் பேசி விலையை உயர்த்தும் கம்பனிகளின் கூட்டுகள்) பற்றியதையும் மகள் முதலில் பார்க்கட்டும். வேலை முடிந்து வந்த களைப்பிலும் அவற்றைத் தொடர்ந்து பார்க்க மனம் வருகிறதா என்பதை அவரே அறிந்துகொள்வார். அதன்பின், பல்கலைக்கழகங்களிடமிருந்து வந்த பதில்களோடு அவரையும் அழைத்துக்கொண்டு வாருங்கள். முற்பணம் கட்டுமுன் பாடத்திட்டங்களை மூவருமாக வரி வரியாகப் பார்த்து முடிவெடுப்போம்.