கவுன்சலிங் என்பது இடம் எடுக்கும் நாள் மட்டுமா?

வாசகர் கேள்வி பதில்: பள்ளி வழிகாட்டுதலும் நுழைவுத் தேர்வுகளும்

கேள்வி: என் மகள் அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் ஒன் படிக்கிறாள். ‘கவுன்சலிங் இருக்கிறது, பெற்றோர் வர வேண்டும்’ என்று பள்ளியிலிருந்து சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். கவுன்சலிங் என்பது பிளஸ் டூ மதிப்பெண் வந்த பிறகுதானே, இப்போது எதற்கு என்று என் அண்ணன் கேட்கிறார். போவதால் பயன் உண்டா?
— ஒரு தாய், அரியலூர்

பதில்: அவசியம் போய் வாருங்கள், அம்மா. உங்கள் அண்ணன் அப்படிக் கேட்டதற்குக் காரணம் இருக்கிறது. பொறியியல் இடங்களையெல்லாம் ஒரே இடத்தில் ஒதுக்கும் ஒற்றைச் சாளர முறை 1997-இல் வந்ததிலிருந்து, கவுன்சலிங் என்றாலே கல்லூரியில் இடம் எடுக்கும் நாள் என்பது நம் வீடுகளில் பதிந்துவிட்டது. அதைக் கலந்தாய்வு என்று எழுதுகிறோம். ஆனால் 2018 முதல் அது இணைய வழியிலேயே நடக்கிறது. மாணவரின் தரவரிசையும் அவர் கொடுத்த விருப்பப் பட்டியலும் கணினியில் பொருந்தியதும் இடம் முடிவாகிவிடுகிறது. உட்கார்ந்து கலந்து பேசவேண்டிய காலம், இடம் எடுக்கும் நாளுக்கு இரண்டு ஆண்டுகள் முந்தையது. உங்கள் மகள் இப்போது அந்தக் காலத்தில்தான் இருக்கிறாள். 2022-இல் ‘நான் முதல்வன்’ திட்டம் தொடங்கியபின், அரசு மேல்நிலைப் பள்ளிகளில் உயர்கல்விக்கு வழிகாட்டும் பொறுப்பு ஆசிரியர்களிடம் தரப்பட்டிருக்கிறது. உங்களை அழைத்திருப்பது பெரும்பாலும் அதற்காகவே இருக்கும்.

நான் முதுகலை ஆசிரியராக இருந்தபோது அந்தப் பொறுப்பைச் சில ஆண்டுகள் பார்த்திருக்கிறேன். என்ன படிக்கப் போகிறாய் என்று கேட்டால் பிள்ளைகள் வீட்டில் கேட்ட பதிலையே திருப்பிச் சொல்வார்கள். ‘டாக்டர்’ என்று தயங்காமல் சொன்ன ஒரு மாணவியிடம், அவளுடைய உயிரியல் ரெக்கார்டு நோட்டைக் கொண்டுவரச் சொன்னேன். இதயத்தின் நீள்வெட்டுப் படம் அச்சில் வார்த்ததுபோல் இருந்தது. நிழலுக்குப் பென்சிலை எத்தனை மென்மையாகப் பிடித்திருக்கிறாள் என்பதுகூடத் தெரிந்தது. பாகங்களின் பெயர்களோ பாதிக்கு மேல் எழுதப்படவே இல்லை. அடுத்தடுத்த பக்கங்களும் அப்படியே. கட்டடக்கலை என்றொரு படிப்பு இருப்பதையும், அதற்கு ‘நாட்டா’ என்ற தேர்வு இருப்பதையும் அன்றுதான் அவள் முதன்முறையாகக் கேள்விப்பட்டாள். கணிதமும் சேர்ந்த பிரிவை எடுத்திருந்ததால் அந்த வழி அவளுக்குத் திறந்திருந்தது. கணிதம் இல்லாத பிரிவில் இருந்திருந்தால் நான் சொல்லியும் பயன் இருந்திருக்காது.

ஆகவே, ‘என் மகள் எடுத்திருக்கும் பிரிவை வைத்து எந்தெந்தத் தேர்வுகளை எழுத முடியும், எவற்றை எழுத முடியாது?’ என்பதை முதல் கேள்வியாகக் கேளுங்கள். அடுத்து, சான்றிதழ்களைப் பற்றிக் கேளுங்கள். நம் ஊரில் இதில்தான் பலர் கடைசி நேரத்தில் அலைகிறார்கள். ஆதாரில் தந்தையின் பெயர் முழுதாக விரிந்திருக்கும், பள்ளிப் பதிவேட்டில் முன்னெழுத்து மட்டும் இருக்கும். இந்த வேறுபாட்டைப் பிளஸ் டூ மதிப்பெண் சான்றிதழ் அச்சாகும் முன்பே சரிசெய்துவிட வேண்டும். பிற்படுத்தப்பட்ட வகுப்பினராக இருந்தால், மாநில அரசு தரும் சாதிச் சான்றிதழ் மத்திய அரசு நிறுவனங்களின் இடஒதுக்கீட்டுக்குப் போதாது. மத்திய அரசு கேட்கும் ஓபிசி (இதர பிற்படுத்தப்பட்ட வகுப்பினர்) சான்றிதழைத் தனியாகப் பெற வேண்டும். குடும்பத்தில் இதுவரை யாரும் பட்டம் பெறவில்லை என்றால் முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கும் விண்ணப்பியுங்கள். பொறியியல் சேர்க்கையில் கல்விக் கட்டணச் சலுகைக்கு அது வேண்டும். இவற்றுக்கெல்லாம் இ-சேவை மையத்திலேயே விண்ணப்பிக்கலாம்.

கேள்வி: என் மகன் மருத்துவத்துக்கான நீட், ஐஐடி போன்ற மத்திய அரசுப் பொறியியல் நிறுவனங்களுக்கான ஜேஇஇ இரண்டுக்கும் சேர்த்துப் பயிற்சி தரும் தனியார் பள்ளியில் விடுதியில் தங்கிப் படிக்கிறான். காலை 5 மணிக்கு எழுப்பி இரவு 11 மணி வரை படிக்க வைக்கிறார்கள். வாரத் தேர்வில் மதிப்பெண் குறைந்துகொண்டே வருகிறது. இன்னும் கூடுதல் பயிற்சி சேர்க்க வேண்டுமா?
— ஒரு தந்தை, புதுக்கோட்டை

பதில்: கூடுதல் பயிற்சி வேண்டாம், ஐயா. உங்கள் மகனுக்கு முதலில் தேவைப்படுவது தூக்கம். பகலில் படித்தது மனத்தில் தங்குவது தூக்கத்தில்தான். இந்த வயதுப் பிள்ளைகளுக்கு 8 மணி நேரமாவது வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். நீங்கள் எழுதியிருக்கும் கணக்குப்படி அவனுக்கு 6 மணி நேரம்கூட முழுதாகக் கிடைப்பதில்லை.

இரண்டாவது, தேர்வுகள் இரண்டும் வேறு வேறு இயல்புடையவை. 2025 முதல் நீட் தேர்வில் 180 நிமிடங்களில் 180 கேள்விகளுக்கு விடையளிக்க வேண்டும்; அவற்றில் 90 உயிரியல், எஞ்சியவற்றில் இயற்பியலும் வேதியியலும் தலா 45. ஜேஇஇ முதன்மைத் தேர்வில் மூன்று மணி நேரத்துக்கு 75 கேள்விகளே உண்டு, ஆனால் பெரும்பாலானவை நின்று யோசித்துப் போடவேண்டிய கணக்குகள். ஒன்றுக்கு வேகமும் நினைவும், மற்றொன்றுக்குப் பொறுமையான கணித அறிவும் வேண்டும். இரண்டையும் ஒரே பிள்ளை ஒரே ஆண்டில் முழு மூச்சாகச் செய்வது மிகச் சிலருக்கே கைகூடும். மகனோடு தனியாக அமர்ந்து, ‘உயிரியலா, கணிதமா, எதைப் படிக்கும்போது நேரம் போவது தெரியவில்லை?’ என்று கேளுங்கள். அவன் சொல்லும் பதில் உங்களுக்குப் பிடிக்காததாக இருக்கலாம், குறுக்கிடாமல் கேட்டுக்கொள்ளுங்கள்.

மதிப்பெண் குறைவதற்கு இன்னொரு காரணமும் இருக்கக்கூடும். நீட் தேர்வில் சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறான விடைக்கு 1 மதிப்பெண் கழிவு, விடையளிக்காமல் விட்டால் கழிவு இல்லை. 180 கேள்விகளையும் தொட்டு 100 சரி, 80 தவறு என்று செய்த மாணவர் 320 பெறுகிறார். அதே 100 சரியோடு 30 மட்டும் தவறாக்கி, தெரியாத 50 கேள்விகளை விட்டுவிட்டவர் 370 பெறுகிறார். அறிவில் ஒரு வித்தியாசமும் இல்லாத இருவருக்கிடையில் 50 மதிப்பெண் இடைவெளி. அடுத்த வாரத் தேர்வின் விடைத்தாளை வாங்கி, தவறுகளை மூன்றாகப் பிரிக்கச் சொல்லுங்கள்: பாடமே தெரியாமல் போனது, தெரிந்தும் கணக்கில் சறுக்கியது, தெரியாமலே ஊகித்தது. மூன்றாவது வகைதான் அதிகம் என்றால், அதற்கு மருந்து கூடுதல் வகுப்பு ஆகாது. பழைய வினாத்தாள்களை நேரம் குறித்துச் செய்து பார்ப்பதும், எதை விடுவது என்று பழகுவதும்தான் வேண்டும். இந்தத் தேர்வுகளை நடத்தும் தேசியத் தேர்வு முகமையின் இணையத்தளத்தில் பழைய வினாத்தாள்கள் கட்டணமின்றிக் கிடைக்கின்றன.

கேள்வி: தமிழ்வழியில் பிளஸ் டூ படிக்கிறேன். நீட் தேர்வைத் தமிழில் எழுதலாமா? ஆங்கிலத்தில் எழுதினால்தான் நல்லது என்கிறார்கள்.
— ஒரு மாணவர், தருமபுரி

பதில்: தாராளமாக எழுதலாம், தம்பி. நீட் 13 மொழிகளில் நடக்கிறது, தமிழும் அதில் ஒன்று. மொழியை விண்ணப்பத்திலேயே குறிப்பிட்டுவிட வேண்டும். தமிழைத் தேர்ந்தால் வினாத்தாளில் தமிழும் ஆங்கிலமும் சேர்ந்தே இருக்கும். மொழிபெயர்ப்பில் ஐயம் எழுந்தால் ஆங்கில வடிவமே இறுதியானது என்பது விதி. எனவே, தமிழில் சிந்தித்துக்கொண்டே ஆங்கிலச் சொல்லையும் அடையாளம் காணத் தெரிந்திருக்க வேண்டும். 80 பக்க நோட்டு ஒன்றை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். இடப்பக்கம் முடுக்கம், உந்தம், மின்தேக்கி, நொதி என்று பாடநூலில் வரும் சொல்லையும், வலப்பக்கம் அதற்கான ஆங்கிலச் சொல்லை ஆங்கில எழுத்திலும் எழுதுங்கள். நாளுக்குப் பத்துச் சொல் எழுதினால், மூன்று மாதத்தில் 900 சொற்கள் சேர்ந்துவிடும். ஜேஇஇ முதன்மைத் தேர்வும் தமிழில் உண்டு. ஐஐடி இடங்களுக்கான அட்வான்ஸ்டு தேர்வு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே நடக்கிறது என்பதை இப்போதே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மகள் எட்டாம் வகுப்பு வரை அரசு உதவிபெறும் பள்ளியிலும், பிறகு அரசுப் பள்ளியிலும் படித்தாள். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு கிடைக்குமா?
— ஒரு வாசகர், தேனி

பதில்: கிடைக்காது. 6-ஆம் வகுப்பு முதல் 12-ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். உதவிபெறும் பள்ளி அதில் அடங்காது. மருத்துவத்துக்கு 2020-இலும், பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்றவற்றுக்கு 2021-இலும் வந்த இந்த ஒதுக்கீடு எத்தனையோ வீடுகளில் முதல் மருத்துவரை உருவாக்கியிருக்கிறது. அந்த எல்லைக்கு இரண்டு மூன்று வகுப்புகள் வெளியே நிற்கும் பிள்ளைகளை நினைத்தால் வருத்தமாகத்தான் இருக்கிறது. அவளுடைய சாதி ஒதுக்கீட்டுக்கு இதனால் எந்தப் பாதிப்பும் இல்லை.

கேள்வி: தம்பிக்கு நீட் தேர்வில் எதிர்பார்த்த மதிப்பெண் வரவில்லை. மூன்று வாரங்களாக அறையைவிட்டு வெளியே வருவதில்லை, சரியாகச் சாப்பிடுவதும் இல்லை. அப்பா, ‘இன்னொரு வருடம் படி’ என்கிறார். நான் என்ன செய்வது?
— ஒரு சகோதரி, விழுப்புரம்

பதில்: மறுபடி எழுதுவதா என்ற பேச்சைச் சில நாள் தள்ளிவைக்கும்படி அப்பாவிடம் நீங்கள் சொல்லுங்கள், அம்மா. மகள் எடுத்துச் சொன்னால் அவர் கேட்கக்கூடும். இப்போது தம்பியின் உடலையும் மனத்தையும்தான் முதலில் பார்க்க வேண்டும்.

அவன் ஓரளவு தேறியபின், இன்னும் எத்தனை வழிகள் இருக்கின்றன என்பதை அவனிடம் சொல்லலாம். தமிழ்நாட்டில் கால்நடை மருத்துவம், வேளாண்மை, செவிலியர் படிப்பு, மருந்தியல் ஆகியவற்றுக்கான மாநில இடங்கள் பிளஸ் டூ மதிப்பெண்ணின் அடிப்படையிலேயே நிரப்பப்படுகின்றன. பொறியியலுக்குக் கணிதம் முழுதாகவும், இயற்பியல், வேதியியல் பாதியாகவும் எடுத்து 200-க்குக் கணக்கிடுவார்கள்: கணிதம் 95, இயற்பியல் 92, வேதியியல் 88 என்றால் 95, 46, 44 சேர்ந்து 185. இவற்றில் எதற்கு விண்ணப்பக் காலம் இன்னும் முடியவில்லை என்பதை மட்டும், அவனைத் தொந்தரவு செய்யாமல், நீங்கள் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். மறுபடி நீட் எழுதுவதாக இருந்தால், எந்தப் பாடத்தில் எவ்வளவு குறைந்தது, அதை ஓராண்டில் ஈடுகட்ட முடியுமா என்று பார்த்த பிறகே முடிவெடுக்க வேண்டும். அந்த முடிவும் அவனுடையதாக இருக்க வேண்டும்.

இவையெல்லாம் பிறகு. மூன்று வாரம் என்பது தானாகச் சரியாகும் என்று காத்திருக்கக்கூடிய காலம் இல்லை. அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அவனை இந்த வாரமே அழைத்துச் செல்லுங்கள். ‘நான் இருந்து என்ன பயன்’ என்பதுபோல் ஏதாவது சொன்னால், ஒரு நாள்கூடத் தாமதிக்காதீர்கள். அவனைத் தனியாக விடவும் வேண்டாம். 14416 என்ற டெலி மானஸ் (மத்திய அரசின் மனநல உதவி) எண்ணிலும், தமிழக அரசின் 104 எண்ணிலும் இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. தம்பி பேச மறுத்தால், நீங்களே அழைத்து, அவன் எத்தனை நாளாக எப்படி இருக்கிறான் என்று சொல்லி, அவனிடம் எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்று கேளுங்கள்.